முகம் பொருந்தவில்லை

அவன் சிரிக்கவில்லை. அதில் அவனுக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது. புதுப் போன் சொன்னபடி முகத்தை இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான், மோவாயைத் தூக்கினான், தாழ்த்தினான். கடைசியில் திரையில் "இப்போது சிரியுங்கள்" என்ற எழுத்து வந்தபோது, "உனக்கு வேற வேலை இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு, எப்போதும்போல உதட்டை இறுக்கிக்கொண்டு வெறுமனே பார்த்தான். போன் சின்னதாக ஒரு மணியடித்து "நன்றி" என்றது. பிறகு திரையில் வந்து நின்ற அவனுடைய படம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

படங்களில் பொய் தேடுவதுதான் அவன் தொழில். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டு மதிப்பீட்டாளன். எரிந்த சமையலறை, நசுங்கிய கார், வெள்ளம் புகுந்த கடை என்று ஜனங்கள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பான். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கரி எங்கே அப்பியிருக்கிறது, கண்ணாடிச் சில்லு உள்ளே விழுந்திருக்கிறதா வெளியே விழுந்திருக்கிறதா என்று நோண்டி நோண்டிப் பார்த்து, கேட்டதில் பாதியை வெட்டிவிடுவான். முதுகுக்குப் பின்னால் அலுவலகத்தில் அவனுக்குக் 'கத்தரி' என்று பெயர். அது அவன் காதுக்கும் வந்திருக்கிறது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் திருடவும் துப்பில்லாதவர்கள் என்பது அவன் கட்சி.

ஆகவே தன் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தான். கண்ணோரச் சுருக்கம் சரியாக விழுந்திருந்தது. கன்னம் ஏறிய இடத்தில் நிழலும் ஏறியிருந்தது. ஒட்டுவேலையின் தடம் எங்கேயும் இல்லை. மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி நிற்கும் அவனுக்கு. படத்திலும் அந்தப் பல் அப்படியே ஏறி நின்றது. போனுக்குள் ஏதோ அழகுபடுத்தும் சமாசாரம் இருக்கிறது, முட்டாள்களை மகிழ்விக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் முள்போல நின்றது. உதட்டை மூடிக்கொண்டிருந்தவனின் பல்லை அது எங்கிருந்து பார்த்தது?

"எங்க, காட்டுங்க," என்று மனைவி கையைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தாள். பெட்டியிலிருந்து இன்னும் புது அட்டையின் வாசனையும், உரித்துப்போட்ட பிளாஸ்டிக் தாளின் வாசனையும் வந்துகொண்டிருந்தன. அவள் போனை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"நல்லாயிருக்குங்க," என்றாள் மெதுவாக. "நீங்க இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"சிரிக்கிற மாதிரி இந்த வீட்டுல என்ன நடக்குது?"

எட்டு வயது மகள் அம்மாவின் தோள்மேல் எட்டிப் பார்த்து, "அப்பா அழகா இருக்காரு!" என்றாள், பக்கத்தில் நிற்கும் அப்பாவைப் பார்க்காமலே.

போன் என்னவோ நிஜமாகவே உசத்திதான். அதை அவன் ஒப்புக்கொண்டான். கையில் எடுத்தால் ஆற்றங்கரைக் கூழாங்கல்போலக் குளிர்ச்சியும் கனமும் இருந்தது. விளிம்பு எங்கே முடிந்து கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. உச்சிவெயிலில் பிடித்தாலும் திரையில் எழுத்து அச்சடித்ததுபோல நின்றது. மறுநாள் அலுவலகத்தில் மேசைமேல், வருகிறவன் போகிறவன் கண்ணில் படும்படி, அலட்சியமாக வைத்ததுபோல் வைத்தான். பக்கத்து மேசைக்காரர் தன் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டதைக் கடைக்கண்ணால் பார்த்தான். அந்த மனுஷனுடைய போன் கண்ணாடி, யாரோ சிலந்தியை உள்ளே விட்டு வலை பின்ன வைத்ததுபோல விரிசல் கண்டிருக்கும். பார்க்கப் பார்க்க அவனுக்கு உள்ளங்கால் வரை இனித்தது.

அன்று மதியம்தான் அந்தத் தையல்கடை அம்மாள் கூப்பிட்டாள். கடை எரிந்துபோன கேஸ். ஒரு நாளைக்குப் பலமுறை கூப்பிடுவாள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அழுவாள். மணியடித்ததும் அவன் முகம் சுளித்தான். உடனே திரையில் ஒரு வரி எழுந்தது: "நீங்கள் வேலையாக இருக்கிறீர்கள். உங்கள் குரலில் நான் பேசட்டுமா?"

'பேசித்தொலை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே 'சரி' என்பதைத் தொட்டான். ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டான். வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

"சொல்லுங்கம்மா," என்றது அவன் குரல். "கேட்டுட்டுதான் இருக்கேன். அழுதுட்டே சொல்லுங்க, பரவாயில்ல."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்த அம்மாள் அழுதாள், சொன்னாள், மறுபடி அழுதாள். அவன் குரல் இடையிடையே "ம்ம்... ஆமாம்மா... கஷ்டம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. என்ன பொறுமை! கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் சார். உங்களப் போய் நான் கல்லுன்னு நெனச்சேன்," என்றாள்.

கழுதை, கண்டுபிடிக்கக்கூட இல்லை என்று அவனுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு யந்திரத்திடம் உருகுகிறாள். இதுதான் ஜனங்களின் லட்சணம். மெத்தென்று நாலு வார்த்தை, அதை யார் சொன்னால் என்ன. பேச்சு முடியும் தறுவாயில்தான் அவன் காதில் அது விழுந்தது. அந்த அம்மாளின் பக்கத்திலிருந்து அல்ல. அவன் குரலின் பின்னால். நாற்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம். மர நாற்காலி. பிறகு யாரோ அதில் சாய்ந்து உட்காரும்போது வருகிற ஒரு முனகல், ஒரு பெருமூச்சு.

அவன் சிரிப்பு நின்றது. போனுக்கு ஏது அறை? ஏது நாற்காலி? சுற்றிலும் பார்த்தான். அலுவலகத்தில் எல்லாமே சக்கரம் வைத்த நாற்காலிகள்.

*

அதன் பிறகு எல்லா அழைப்பையும் அதனிடமே விட்டுவிட்டான். நாற்காலிச் சத்தத்தை அவன் மறக்கவில்லை, மறந்ததாக வைத்துக்கொண்டான். நிஜம்போல ஒலிக்கச் செய்கிற வித்தை என்று ஒரு விளக்கமும் தயார் செய்துகொண்டான். அவன் நேரம் மிச்சமாயிற்று. மேலாளர்கூட வழியில் நிறுத்தி, "என்னய்யா, வரவர உங்கிட்ட பேசினா சந்தோஷமா இருக்கு," என்றார். அவன் தலையை மட்டும் அசைத்தான். உம்முடன் பேசியது ஒரு கண்ணாடித் துண்டு ஐயா என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது.

மனைவி பகலில் கூப்பிடுவாள். காய் வாங்கி வரவா, தண்ணீர்க்குழாய் ஒழுகுகிறது, குழந்தைக்கு இருமல் என்று எதையாவது சொல்வாள். அதற்கும் போனே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவற்றை அவன் கேட்பதுகூட இல்லை. கேட்க அங்கே என்ன இருக்கிறது?

ஆனால் வீட்டில் ஏதோ மாறிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சத்தமில்லாமல் நடமாடியவள் பாத்திரம் துலக்கும்போது ஏதோ பாட்டை முனகினாள். கூந்தலை வேறு மாதிரி முடிந்துகொண்டாள். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அவன் செருப்பைக் கழற்றி, "லைட்ட ஏன் எல்லா ரூமுலயும் போட்டு வச்சிருக்க?" என்று கேட்டதும் அந்த வெளிச்சம் அணைந்துவிடும். "மதியம் அவ்வளவு நல்லாப் பேசினீங்களே," என்பாள் அடிக்குரலில். மடச்சி என்று நினைத்துக்கொள்வான். பாவம் என்றுகூட நினைக்கவில்லை, மடச்சி என்றுதான்.

மழைக்காலம். ஆறு மணிக்கே இருட்டிவிடும். அப்படி ஒரு சாயங்காலம், அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாக அவன் சாப்பிடும்போது அந்தப் பக்கமே வராத குழந்தை.

"அப்பா, சுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"எந்தச் சுக்கு?"

"உங்க நாய்ப்பா. ஸ்கூல் வரைக்கும் உங்க பின்னாலயே வருமே. வாட்ச்மேன் துரத்துவாரே. நேத்து போன்ல பாதிதான் சொன்னீங்க."

கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது.

சுக்கு என்று ஒரு நாய் இருந்தது உண்மை. காய்ந்த நிறம், ஒரு பக்கம் மடிந்த காது, ஈரமான மூக்கு. அந்தத் தெருநாய்க்கு அந்தப் பெயரை அவனேதான் வைத்தான், மனசுக்குள். ஒருநாளும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. வீட்டில் தெரிந்தால் அடி விழும் என்று அம்மாவிடம் சொன்னதில்லை, தம்பியிடம் சொன்னதில்லை, மனைவியிடம் சொல்லும்படியான பேச்சு அவர்களுக்குள் நடந்ததே இல்லை. முப்பது வருஷத்தில் அவனேகூட அதை நினைத்தது கிடையாது. கூகுளில் கிடைக்கிற விஷயம் இல்லை அது. எந்தப் படத்திலும் இல்லை. அவன் மண்டைக்குள்ளே, வெளிச்சம் படாத ஏதோ மூலையில் மட்டும் இருந்தது.

"சொல்லுங்கப்பா."

"போய்ப் படி," என்றான்.

மகள் எழுந்து போகும்போது, "போன்லயே கேட்டுக்கறேன்," என்று முணுமுணுத்தது அவனுக்குக் கேட்டது.

*

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பி வீட்டுக்கு வந்தான். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே விளக்கு எரியவில்லை. ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் தரையில் கிடந்தது. சமையலறையில் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. அந்தச் சத்தம் அவனுக்குப் புதிது. நடையில் அப்படியே நின்றான். அவன் சட்டைப்பையில் போன் சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் நெற்றிபோல. திரை இருட்டாகத்தான் இருந்தது. காதருகே கொண்டுபோனான். உள்ளே எங்கேயோ வெகு ஆழத்தில், அவன் குரல் ஏதோ சொல்ல, அதற்கும் மனைவி சிரிக்க, இரண்டும் ஒரே சமயத்தில் போனிலும் சமையலறையிலும் கேட்டன.

"சரிங்க, பாத்து வாங்க. மழை பெய்யுது," என்று அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அவனைப் பார்த்ததும் வீறிட்டாள். கையிலிருந்த கரண்டி விழுந்து தரையில் சுழன்றது.

"நீங்க... இப்பத்தான பேசினீங்க. பஸ்ல வந்துட்டிருக்கேன்னீங்க?"

"நான் பேசல."

அவள் அவனையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பயம் மெதுவாக வடிந்தது. வடிந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஏமாற்றம். பஸ்ஸில் யாரோ வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, வேண்டாத விருந்தாளி வந்து நின்றதுபோல.

"ஓ," என்றாள். "நீங்களா."

குனிந்து கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

அவன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். தன் குரலில் பேசும் அந்த வசதியை நிறுத்திவிட வேண்டும். இப்போதே. போனை முகத்துக்கு நேராகப் பிடித்தான். "முகம் பொருந்தவில்லை." துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தான். பொருந்தவில்லை. விளக்கின் அடியில் நின்றான். பொருந்தவில்லை. ரகசிய எண்ணைத் தட்டினான். தவறு என்றது. வெட்கத்தை விட்டுவிட்டு, கண்ணாடியைப் பார்த்து உதட்டை விரித்து, பல்லைக் காட்டி, சிரிப்பதற்கு முயன்றான். கண்ணாடியில் தெரிந்தது நாய் உறுமுவதுபோல இருந்தது. அந்த முகத்தைப் போனுக்குக் காட்டினான்.

திரையில் அவனுடைய படம் வந்தது. அந்தச் சிரித்த படம். அதன் அடியில்: "இவர் நீங்கள் இல்லை."

சுவரில் அடித்து உடைத்துவிடலாமா என்று கை ஓங்கினான். உடைக்க முடியவில்லை. புதுப் போன். உசத்தி. தன்னை நினைத்து அவனுக்கே கேவலமாக இருந்தது.

*

சர்வீஸ் கடை அவன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அடுத்த நாள் வேலை முடிந்து நேராக அங்கே போனான். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் ஏசிக்குளிரும், சூடான ஈயத்தின் வாசனையும். கவுண்டரில் இருந்த பெண் சூயிங்கம் மென்றுகொண்டே போனை வாங்கினாள். அவள் வாங்கியதும் திரை தானாக ஒளிர்ந்தது. சிரித்த படம். அவள் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"இது யார் போன் சார்?"

"என்னோடது. வேற யாரோடது?"

"படத்துல இருக்கிறவர் உங்க தம்பியா?"

"நான்தாம்மா அது!"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கண், மூக்கு, மோவாய் என்று ஒவ்வொன்றாக அவன் முகத்தோடு ஒப்பிட்டாள். அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக அவன் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. பொய்க்காரன் எங்கே வழுக்குவான் என்று காத்திருக்கும் பார்வை.

"ஜாடை இருக்கு சார். ஆனா இவரு வேற," என்று சொல்லி, போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "போன்காரர அழைச்சிட்டு வாங்க. அவர் கையிலதான் குடுக்க முடியும்."

"இந்தாம்மா, பில் வீட்ல இருக்கு. நான் யாருன்னு தெரியுமா..."

போன் அடித்தது. கவுண்டர் கண்ணாடிமேல் அதிர்ந்து, மெல்லச் சுழன்றது. திரையில் 'வீடு'. அந்தப் பெண்ணும் தொடவில்லை, அவனும் தொடவில்லை. தானே எடுத்தது. தானே ஸ்பீக்கருக்குப் போனது.

"எங்க இருக்கீங்க?" மனைவியின் குரல்.

"கீழ வந்துட்டேன்," என்றது அவன் குரல். "லிஃப்ட்ல ஏறப்போறேன்."

"வாங்க வாங்க."

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. மழைச் சத்தம் கேட்டது, கடைக்கு வெளியே பெய்யும் மழையல்ல, தகரக் கூரைமேல் விழும் மழை. அவன் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் தகரக் கூரை. பிறகு ஈரச் செருப்பு தரையில் சப்சப்பென்று நடந்தது. லிஃப்ட்டின் கம்பிக் கதவு இழுபட்டது. முனகிக்கொண்டு மேலே ஏறியது. நடுவில் ஒரு குலுக்கல், எப்போதும் குலுங்குகிற இடத்தில். நின்றது. கதவு. நடை. நிதானமான நடை. அவசரமே இல்லாத நடை.

காலிங்பெல்.

உள்ளேயிருந்து சின்னப் பாதங்கள் ஓடிவரும் சத்தம்.

"அப்பா!"

தாழ்ப்பாள் விலகியது. அதோடு லைன் அறுந்தது.

கடைப்பெண் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். கண்ணில் சூதுவாது எதுவும் இல்லை, நிஜமான கேள்வி மட்டும்.

"அவர் வீட்டுக்குப் போயிட்டாரே சார். அப்ப நீங்க யாரு?"

*

ஓடினான். குடை கடையிலேயே. போன் கடையிலேயே. கண்ணுக்குள் மழை. தெருவிளக்குகள் தண்ணீரில் கரைந்து ஓடின. யாரோ திட்டினார்கள். ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. திருடன், எவனோ கைதேர்ந்த திருடன், குரலை எடுத்து, விலாசத்தை எடுத்து வந்திருக்கிறான், போலீஸ், போலீஸைக் கூப்பிட வேண்டும். எதை வைத்துக் கூப்பிடுவது?

லிஃப்ட் மேலே நின்றிருந்தது. இறங்கி வரவில்லை. படியில் ஏறினான். படியெல்லாம் உலர்ந்து கிடந்தது. அவன் மாடியில் மட்டும் ஈரக் காலடிகள். லிஃப்ட்டிலிருந்து அவன் வாசல் வரை. அவன் செருப்பின் அச்சு. அதே தேய்மானம், குதிகாலின் வெளிப்பக்கம்.

பெல் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. இடுக்கில் மனைவியின் ஒரு கண்.

"கதவத் திற! உள்ள வந்தது யாரு? பாப்பா எங்க?"

சங்கிலி அசையவில்லை.

"நான்தான்டி. ஏய், நான்தான்!"

கண் அவன்மேல் நகர்ந்தது. நனைந்த தலை. சட்டை. திரும்ப முகம். அவளுக்குத் தெரிந்தது. அதை அவன் பார்த்தான். படத்தில் நிஜம் எது என்று ஒரு நொடியில் சொல்லத் தெரிந்தவன் அவன். அவன் யாரென்று அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் அவள் முகத்தைத் திருப்பி உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"யாரோ தெரியலைங்க. வீடு மாறி வந்துட்டாரு போல."

"தயவுசெஞ்சு," என்றான் அவன். அந்த வார்த்தையை அவளிடம் அவன் சொல்வது அதுதான் முதல் தடவை. அவனுக்கே அது யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "தயவுசெஞ்சு, பாப்பாவ வெளிய அனுப்பு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. கனிந்த குரல். அவன் குரல்.

"மழையில வந்திருப்பாரும்மா. பாவம். உள்ள வரச் சொல்லு."

சங்கிலி விழுந்தது. கதவு அகலத் திறந்தது. மனைவி ஒதுங்கி வழிவிட்டாள். அவன் வாசல்படியிலேயே நின்றான்.

கூடத்தில் விளக்கு. சாப்பாட்டு மேசை. வாசலுக்கு முதுகு காட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். அகன்ற முதுகு. உலர்ந்த சட்டை. மடியில் மகள். அவள் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள், காலை ஆட்டிக்கொண்டு. உட்கார்ந்திருந்தவன் அவளைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மெதுவாக. பிரியமாக. குழந்தையின் முழங்காலில், விழுந்து சிராய்த்த காயம் இருந்தது. கை அதன்மேல் போயிற்று. காயம் இல்லை. வடு இல்லை. முழங்காலின் மடிப்பும் இல்லை.

"கூசுதுப்பா," என்று குழந்தை நெளிந்து சிரித்தது.

கை மேலே ஏறியது. கழுத்து. கன்னம். ஒரு விரல் காதுமடலை வருடியது. விரல் போன இடத்தில் காது இல்லை. வழவழவென்று தோல். அந்தப் பக்கமும் வருடியது. அந்தப் பக்கமும் இல்லை.

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

உள்ளங்கை குழந்தையின் நெற்றியில் தொடங்கி மோவாய் வரை ஒரே இழுப்பாக இறங்கியது. தூசி துடைப்பதுபோல.

சிரிப்புச் சத்தம் நின்றது.

மகள் மடியிலிருந்து வாசல் பக்கம் திரும்பினாள். உரித்த முட்டைபோல இருந்தது. கண் இருந்த இடமும், வாய் இருந்த இடமும். ஆனால் சந்தோஷம், தோள்கள் குலுங்கின, கால்கள் ஆடின, இரண்டு கையையும் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை.

மனைவி அவனைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு நாற்காலியை இழுத்து அந்த முதுகின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டு, முகத்தை உயர்த்தி, அந்தக் கையின் பக்கம் நீட்டினாள்.